ஓஎல்இடியா, மினி எல்இடியா, சாதா எல்இடியா? டிவி திரை பற்றிய கேள்வி பதில்

புது டிவி வாங்கப் போகிறவர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். டிவி பழுது பார்ப்பதும், வாங்கி வந்த டிவியில் படத்தைச் சரியாக அமைத்துக் கொடுப்பதும் என் தொழில். எந்தக் கம்பெனியோடும் எனக்குத் தொடர்பு இல்லை. கண்ணால் பார்த்ததையும் கையால் கழற்றிப் பார்த்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன். கேட்பவர்கள் மூன்று விஷயத்தைச் சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம்: அறையில் வெளிச்சம் எப்படி, எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள், அதிகமாக என்ன பார்ப்பீர்கள். மாடல் நம்பர் எல்லாம் அப்புறம்.

கேள்வி: கடையில் ஒரே சுவரில் எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று வரிசையாக மாட்டியிருக்கிறார்கள் சார். ஒவ்வொன்றையும் ஆகா ஓகோ என்கிறார்கள். அடிப்படையில் இவை எத்தனை வகை?

பதில்: இரண்டே வகைதான். பின்னால் விளக்கு எரிய, முன்னால் இருக்கும் திரை அந்த ஒளியை விட்டும் மறைத்தும் படம் காட்டுவது ஒரு வகை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து படம் காட்டுவது இன்னொரு வகை.

எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி மூன்றும் முதல் வகை. மூன்றுமே எல்சிடி டிவிதான். எல்சிடியில் இருக்கும் திரவப் படிகத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. ஜன்னல் திரைச்சீலை மாதிரி, பின்னாலிருந்து வரும் ஒளியைக் கூட்டிக் குறைத்து விடுவதுதான் அதன் வேலை. முன்பெல்லாம் அந்த ஒளிக்கு மெல்லிய குழல் விளக்குகள் வைத்தார்கள். பிறகு அந்த இடத்தில் எல்இடி வந்தது. அதைத்தான் எல்இடி டிவி என்று விற்கிறார்கள்.

க்யூஎல்இடியில் நீல எல்இடிக்கு முன்னால் குவாண்டம் புள்ளிகள் பூசிய ஒரு தாள் கூடுதலாக இருக்கும். நானோமீட்டர் கணக்கில் உள்ள துகள்கள் அவை. சற்றுப் பெரிய துகள் சிவப்பாக ஒளிரும், சிறியது பச்சையாக ஒளிரும். மௌங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்ஸி எகிமோவ் மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்தத் துகள்களுக்காகத்தான். இதனால் வண்ணம் செழிப்பாக வரும். ஆனால் கறுப்பு? அது பழைய எல்சிடி கறுப்பேதான். நிறத்தைக் கூட்டும் தாளுக்கும் இருட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

மினி எல்இடி அந்த இருட்டைச் சரி செய்ய வந்தது. பின்னால் உள்ள விளக்குகளை மிகச் சிறியதாக்கி, ஆயிரக்கணக்கில் பரப்பி, பல நூறு பகுதிகளாகப் பிரித்துவிடுவார்கள். படத்தில் எங்கே இருட்டோ அங்கே உள்ள பகுதி மங்கும். லோக்கல் டிம்மிங் என்பது இதுதான். இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே திரையில் கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல், அதாவது படப் புள்ளி. விளக்கு 1,000 பகுதிகளாக இருந்தால்கூட, ஒரு பகுதி 8,300 பிக்சலைச் சேர்த்துத்தான் ஏற்றும், இறக்கும். கறுத்த வானத்தில் நிலா வந்தால் அதைச் சுற்றி லேசாக ஒரு வெளிச்ச வளையம் தெரிவது இதனால்தான்.

ஓஎல்இடி இரண்டாவது வகை. 83 லட்சம் பிக்சலும் 83 லட்சம் தனி விளக்கு. அணைய வேண்டியது முழுதாக அணையும். நிலா ஒளிரும், பக்கத்திலேயே வானம் மையிருட்டாக இருக்கும்.

கேள்வி: எங்கள் கூடத்தில் டிவிக்கு எதிரே இரண்டு பெரிய ஜன்னல். பகலில்தான் அதிகம் பார்ப்போம், பெரும்பாலும் கால்பந்தும் செய்தியும். எல்லோரும் ஓஎல்இடிதான் உசத்தி என்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

பதில்: உங்கள் அறைக்கு வேண்டாம். மினி எல்இடி வாங்குங்கள்.

காரணம் சொல்கிறேன். ஓஎல்இடியின் பெரிய பலம் இருட்டு. பட்டப்பகலில் ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழும்போது அந்த இருட்டை உங்கள் கண் பார்க்கவே பார்க்காது. திரையின் கறுப்பை விட அதில் விழும் ஜன்னலின் பிரதிபலிப்புதான் முந்திக்கொண்டு தெரியும். ஆக, எந்தப் பலத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறீர்களோ, அது பாதி நேரம் உங்களுக்குக் கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒளியை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். இன்றைய நல்ல ஓஎல்இடி, திரையின் ஒரு சிறு மூலையில் 1,000 நிட்ஸைத் தாண்டி ஒளிரும். ஆனால் திரை முழுக்க வெள்ளையோ வெளிர்நிறமோ வந்தால் சூடும் மின்சாரமும் எல்லை மீறாமல் இருக்க அதுவே தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பனிச்சறுக்குப் போட்டி ஓடும்போது இது பளிச்சென்று தெரியும்: முகத்தை நெருங்கிக் காட்டும்போது பிரகாசம், பனிமலை முழுதும் வந்ததும் ஒரு மங்கல். கால்பந்து மைதானத்திலும் ஓரளவு தெரியும். மினி எல்இடியில் பின்னால் உள்ள விளக்குகளுக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இல்லை. திரை முழுக்க நல்ல வெளிச்சம் நிலையாகக் கிடைக்கும்.

கூடவே ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், அல்லது டிவியைப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்ற முடியுமா பாருங்கள். எந்த டிவியானாலும் படத்தை அதிகமாக மாற்றுவது அதுதான்.

கேள்வி: பளபளப்பான திரையா, மேட் திரையா?

பதில்: விளக்கோ ஜன்னலோ எதிரே இருந்தால் மேட் திரை பிரதிபலிப்பைக் கரைத்துவிடும். அதற்குப் பதிலாக அந்த ஒளி திரை முழுக்கப் பரவி, கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூத்துத் தெரியும். அறையை இருட்டாக்க முடிந்தால் பளபளப்பே நல்லது.

கேள்வி: அம்மா காலையில் எழுந்தது முதல் செய்தி சேனல்தான். கீழே ஓடும் எழுத்து, மூலையில் லோகோ, எல்லாம் அப்படியே இருக்கும். ஓஎல்இடியில் அது பதிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா, பழைய கதையா?

பதில்: உண்மைதான் தம்பி. ஆனால் பலர் நினைக்கிற மாதிரி நடப்பதில்லை.

ஒரே படத்தை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் அது அச்சுப் போல் பதிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓஎல்இடியில் ஒளி தருவது கரிமப் பொருள். எரிய எரிய அது மெல்ல மெல்லத் தன் பிரகாசத்தை இழக்கும். திரை முழுதும் சீராகத் தேய்ந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு இடம் மட்டும் மற்ற இடத்தை விட அதிகமாகத் தேய்ந்தால்தான் பிரச்சினை. மாதக்கணக்கில் தினமும் பல மணி நேரம் அதே மூலையில் அதே சிவப்பு லோகோ பிரகாசமாக எரிந்தால், அந்த இடத்துப் பிக்சல்கள் மட்டும் முன்கூட்டியே மூப்படையும். பிறகு வேறு படம் ஓடும்போது, குறிப்பாக ஒரே நிறத்தில் வானமோ சுவரோ வரும்போது, அங்கே ஒரு நிழல் தெரியும். என்னிடம் வந்த டிவிகளில் அடிக்கடி பார்த்தது லோகோவைக்கூட அல்ல, செய்தி ஓடும் பட்டையை. திரையின் அடியில் கோடு போட்ட மாதிரி நீளமாக, சற்று அழுக்கேறிய மஞ்சள் நிறத்தில் இருக்கும். வந்துவிட்டால் போகாது. பேனலையே, அதாவது திரைப் பகுதியையே, மாற்ற வேண்டும்.

இதைத் தடுக்க டிவிக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. படத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் அங்குமிங்கும் சில பிக்சல் நகர்த்தும். லோகோ இருக்கும் இடத்தை மட்டும் மங்கலாக்கும். டிவியை அணைத்த பிறகு ஒவ்வொரு பிக்சலின் நிலையையும் தானே அளந்து மின்சாரத்தைச் சரி செய்துகொள்ளும். படம், தொடர், விளையாட்டு என்று மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டில் இவை போதும், பயப்பட வேண்டாம்.

உங்கள் அம்மாவின் பழக்கத்துக்கு இவை போதாது. வயதானவரிடம் சேனலை மாற்றச் சொல்லி நாம் நச்சரிப்பதை விட, அவருக்கு ஏற்ற டிவியை வாங்குவதே முறை. நல்ல எல்சிடி வாங்குங்கள். அவர் நிம்மதியாகப் பார்க்கட்டும்.

கேள்வி: மேலே எழுதியதைப் படித்ததும் ஒரு சந்தேகம். எங்களிடம் ஓஎல்இடி இருக்கிறது. தூங்கப் போகும் முன் சுவரில் உள்ள சுவிட்சையே அணைத்துவிடுவோம். அது தப்பா?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. பலரும் செய்வது இது. நான் சொன்ன அந்தத் தானாக அளக்கும் வேலை, ரிமோட்டில் அணைத்த பிறகு, டிவி ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் நடக்கும். பொதுவாக மொத்தம் 4 மணி நேரம் பார்த்து முடித்த பிறகு அணைத்தால், சில நிமிடம் உள்ளே அந்த வேலை ஓடும். சுவர் சுவிட்சை உடனே அணைத்துவிட்டால் அது நடக்காமலே போய்விடும். ரிமோட்டில் மட்டும் அணையுங்கள், சுவிட்ச் அப்படியே இருக்கட்டும். வெளியூர் போனாலோ இடி மின்னல் நேரத்திலோ அணைத்துக்கொள்ளலாம், அதற்கு முன் ஸ்டாண்ட்பையில் கொஞ்ச நேரம் விடுங்கள். நடுநடுவே "டிக்" என்று உள்ளே ஒரு சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், ரிலே என்ற உள் சுவிட்சின் ஒலிதான் அது.

கேள்வி: ஐபிஎஸ் பேனல், விஏ பேனல் என்று இரண்டு சொல்கிறார்கள். ஐபிஎஸ்தான் உயர்ந்தது என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். எங்களுடையது சின்னப் படுக்கையறை, இரவில் இரண்டு பேர் நேருக்கு நேர் உட்கார்ந்து பார்ப்போம்.

பதில்: இரண்டும் எல்சிடித் திரையின் வகைகள். உங்களுக்கு விஏதான். ஐபிஎஸ்ஸின் பலம், பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. அதன் பலவீனம் கறுப்பு. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம், அதாவது கான்ட்ராஸ்ட், ஐபிஎஸ்ஸில் சுமார் 1000:1. விஏயில் 3000:1இலிருந்து 5000:1 வரையும், சிலவற்றில் அதற்கு மேலும் போகும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை. ஐபிஎஸ்ஸில் இரவுக் காட்சி ஒரு சாம்பல் மூட்டத்துக்குள் நடப்பது போலிருக்கும்.

ஆனால் அகலமான அறையில் சோபா, நாற்காலி, தரை என்று நான்கு பக்கமும் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு விஏ சரிப்படாது. நடுவில் இருப்பவருக்கு நல்ல படம், ஓரத்தில் இருப்பவருக்கு வெளுத்த படம். கடையில் சோதிக்க ஒரு வழி: மனித முகம் திரையில் இருக்கும்போது நிறுத்தச் சொல்லிவிட்டு, மெதுவாகப் பக்கவாட்டில் நடந்து போங்கள். தோலின் நிறம் எந்த இடத்தில் வெளுக்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். வீட்டில் ஓர நாற்காலி அந்த இடத்துக்கு அப்பால் இருந்தால் அந்த டிவி வேண்டாம். ஓஎல்இடிக்கு இந்தக் கவலை அனேகமாக இல்லை.

கேள்வி: 8கே வாங்கினால் பல வருஷத்துக்குக் கவலை இல்லையே?

பதில்: வேண்டாம். 8கேயில் எடுத்த படமும் நிகழ்ச்சியும் மிகக் குறைவு. சாதாரண உட்காரும் தூரத்தில் கண்ணும் அதைப் பிரித்துப் பார்க்காது. அந்தப் பணத்தை நல்ல 4கே திரையில் போடுங்கள்.

கேள்வி: சோபாவிலிருந்து சுவர் வரை இரண்டரை மீட்டர். 55 அங்குலமா, 65 அங்குலமா? பெரிது வாங்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று அப்பா சொல்கிறார்.

பதில்: அப்பா சொல்வது, பிக்சல் குறைவாக இருந்த ஃபுல் எச்டி காலத்தில் சரி. நல்ல கண்பார்வை பிரித்தறியும் அளவை வைத்துக் கணக்குப் பார்த்தால், 65 அங்குல ஃபுல் எச்டி டிவியில் சுமார் 2.6 மீட்டருக்கு உள்ளே வந்தால் புள்ளிகள் தெரியத் தொடங்கும். அதே 65 அங்குலம் 4கேயில் சுமார் 1.3 மீட்டர் வரை நெருங்கலாம். ஆகவே புள்ளியைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

படம் கண்ணை நிறைக்கிறதா என்பதுதான் இப்போது கேள்வி. திரை நம் பார்வையில் 30 டிகிரி அகலமாவது இருக்க வேண்டும் என்பது நெடுநாளாக உள்ள ஒரு கணக்கு. 55 அங்குலத்துக்கு அது சுமார் 2.3 மீட்டர், 65க்கு சுமார் 2.7 மீட்டர். உங்கள் இரண்டரை மீட்டருக்கு 65 கச்சிதம். சினிமாப் பிரியர் என்றால் இன்னும் பெரிதாகவே போகலாம்.

ஒரு எச்சரிக்கை. அளவுக்காகத் தரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். லோக்கல் டிம்மிங்கே இல்லாத 75 அங்குலத்தை விட நல்ல மினி எல்இடி 65 எவ்வளவோ மேல். அளவு ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். மோசமான கறுப்பு பழகாது.

கேள்வி: பிளேஸ்டேஷன் 5 விளையாட டிவி வேண்டும் அண்ணா. 240 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் ஒரு எல்இடி மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: கொஞ்சம் பொறு தம்பி. திரை வினாடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்குதான் ஹெர்ட்ஸ். "மோஷன் 240" போன்ற எழுத்தெல்லாம் பல சமயம் பேனலின் வேகம் இல்லை. உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனல் இருந்துகொண்டு, மென்பொருள் வித்தையைச் சேர்த்து அந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். விவரப் பட்டியலில் "நேட்டிவ்" அல்லது "பேனல்" ரெஃப்ரெஷ் ரேட் என்ற வரியைத் தேடு. அங்கே 120 இருக்க வேண்டும். கேபிள் செருகும் எச்டிஎம்ஐ 2.1 துளையும் வேண்டும், 4கேயை 120 ஹெர்ட்ஸில் முழுத் தரத்தில் கொண்டுவர அது தேவை. சில டிவியில் நான்கு துளை இருந்தாலும் இரண்டில்தான் அந்த வேகம் வரும். அதில் ஒன்றையே சவுண்ட்பாருக்கும் ஒதுக்கியிருப்பார்கள். இதைக் கவனிக்காமல் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

திரையைப் பொறுத்தவரை விளையாட்டுக்கு ஓஎல்இடியை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு பிக்சல் நிறம் மாற ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. எல்சிடியில் பல மில்லி வினாடி ஆகும், அதனால் வேகமாக நகரும் உருவத்துக்குப் பின்னால் நிழல் இழுக்கும். விஏ பேனலில் இருண்ட காட்சிகளில் இது இன்னும் அதிகம். ஆனால் ஒரே விளையாட்டை மாதக்கணக்கில் நாள் முழுக்க ஆடுகிறவன் என்றால், திரையின் ஓரத்தில் அசையாமல் நிற்கும் புள்ளிக் கணக்கும் வரைபடமும் அந்தச் செய்திப் பட்டை போலத்தான். அப்படியானால் 120 ஹெர்ட்ஸ் மினி எல்இடிக்குப் போ.

கேள்வி: தனி அறை ஒன்றை முழு இருட்டாக்கி வைத்திருக்கிறேன். படம் பார்ப்பது மட்டும்தான் அதில். ஓஎல்இடி என்று முடிவு செய்தாயிற்று. அதிலேயே டபிள்யூ-ஓஎல்இடி, க்யூடி-ஓஎல்இடி என்று இரண்டு இருக்கிறதாமே?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஓஎல்இடிக்கு உங்கள் அறையை விடப் பொருத்தமான இடம் கிடையாது.

கோடக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987இல் குறைந்த மின்னழுத்தத்தில் ஒளிரும் கரிம விளக்கைச் செய்து காட்டினார்கள். அது டிவியாகக் கடைக்கு வர 2007 ஆயிற்று. சோனியின் எக்ஸ்இஎல்-1, வெறும் 11 அங்குலம். பெரிய திரையில் ஏன் இத்தனை தாமதம் என்றால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்று கரிமப் பொருளையும் பெரிய கண்ணாடியில் துல்லியமாகப் பக்கம் பக்கமாகப் பதிப்பது பெரும்பாடு. இதை இரண்டு வழியில் தாண்டினார்கள். எல்லாப் பிக்சலிலும் வெள்ளை ஒளியையே உண்டாக்கி, மேலே வண்ண வடிகட்டி போட்டு, வெளிச்சத்துக்காக நான்காவதாக ஒரு வெள்ளைப் புள்ளியையும் சேர்ப்பது டபிள்யூ-ஓஎல்இடி. எல்ஜியின் வழி அது. நீல ஒளியை உண்டாக்கி, குவாண்டம் புள்ளிகளால் அதைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுவது க்யூடி-ஓஎல்இடி. சாம்சங்கின் பேனல் பிரிவு செய்வது, 2022இல் டிவியாக வந்தது.

பார்வையில் என்ன வித்தியாசம்? டபிள்யூ-ஓஎல்இடியில் மிகப் பிரகாசமான இடங்களில் வெள்ளைப் புள்ளி கைகொடுக்கும்போது நிறம் கொஞ்சம் வெளிறும். க்யூடி-ஓஎல்இடியில் பிரகாசத்திலும் நிறம் நிறமாகவே நிற்கும். சூரியன் மறையும் காட்சியில் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தால் புரியும். ஆனால் வெளியிலிருந்து விழும் ஒளியின் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் தாள் அதில் இல்லாததால், அறையில் விளக்கு எரிந்தால் கறுப்பு லேசாகச் சாம்பலும் ஊதாவும் கலந்து தெரியும். உங்கள் அறை முழு இருட்டு, அந்தக் குறை உங்களைத் தொடாது. நான் க்யூடி-ஓஎல்இடி என்றே சொல்வேன். விளக்கோடு பார்க்கும் அறையென்றால் டபிள்யூ-ஓஎல்இடி.

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சினிமா வினாடிக்கு 24 சட்டகம். ஒரு சட்டகம் திரையில் சுமார் 42 மில்லி வினாடி நிற்கும். ஓஎல்இடி ஒரு கணத்தில் அடுத்ததற்குத் தாவிவிடுவதால், கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் தத்தித் தத்திப் போவது போல் சிலருக்குத் தெரியும். டிவி பழுது இல்லை அது. அசைவைச் சீராக்கும் மோஷன் அமைப்பில் குறைந்த அளவு, ஒன்றோ இரண்டோ மட்டும் வைத்தால் தத்தலும் குறையும், படம் டிவி சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டும் போகாது.

கேள்வி: மலிவான டிவியிலும் எச்டிஆர், டால்பி விஷன் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே?

பதில்: வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் முறைதான் எச்டிஆர், டால்பி விஷனும் எச்டிஆர்10, எச்டிஆர்10 பிளஸும் அதன் வகைகள். அந்த டிவி எச்டிஆர் சிக்னலை ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட்ஸுக்கு, சிலவற்றை 4,000 நிட்ஸுக்கு வைத்துத் தயாரிக்கிறார்கள். சுமார் 300 நிட்ஸ் மட்டும் தருகிற, லோக்கல் டிம்மிங் இல்லாத டிவி அதை எப்படிக் காட்டும்? எல்லாவற்றையும் அமுக்கித்தான் காட்டும். சில சமயம் சாதாரண படத்தை விட இருட்டாகவே இருக்கும். டால்பி விஷன் வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், சாம்சங் டிவிகளில் அது இருக்காது. அவர்கள் எச்டிஆர்10 பிளஸ் பக்கம். ஆனால் இதை வைத்து டிவியைத் தேர்வு செய்யாதீர்கள். நல்ல திரையில் சாதாரண எச்டிஆர்10 கூட அருமையாக இருக்கும்.

கேள்வி: ராத்திரி பார்த்தால் கண் வலிக்கிறது. கண்ணுக்குக் கெடுதல் இல்லாத திரை எது?

பதில்: திரை வகையை விட, இருட்டறையில் டிவி கண்ணைக் கூசும் அளவுக்கு எரிவதுதான் பெரும்பாலும் காரணம். இரவுக்குத் தனியாகப் பிரகாசத்தைக் குறைத்து ஒரு அமைப்பு வையுங்கள். டிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி மங்கலான வெள்ளை விளக்கு ஒன்று போடுங்கள், 6,500 கெல்வின் நிறத்தில். அப்புறம், சில எல்இடி டிவிகள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரிக்கும். சிலருக்குத் தலைவலி அதனால் வரும். கை விரல்களை விரித்துத் திரைக்கு முன்னால் வேகமாக ஆட்டுங்கள். விரல்கள் தனித்தனி நிழலாக உடைந்து உடைந்து தெரிந்தால் அந்த டிவி அப்படித்தான். இவ்வளவும் செய்த பிறகும் வலித்தால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் இன்னும் பிளாஸ்மா டிவி ஓடுகிறது. மகன் தூக்கிப் போடச் சொல்கிறான். எனக்கு மனசு வரவில்லை.

பதில்: போடாதீர்கள் ஐயா. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிட்சர், ஸ்லோட்டோ, வில்சன் மூவரும் 1964இல் கண்டுபிடித்தது பிளாஸ்மா. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை அது. அதன் கறுப்பையும் அசைவையும் நல்ல எல்சிடிகளே நெடுங்காலம் எட்டிப் பிடிக்கவில்லை. மின்சாரம் அதிகம் குடிக்கும், 4கேக்கு மாறுவது கடினம் என்பதால் 2013 கடைசியில் பானாசோனிக்கும், அடுத்த ஆண்டு சாம்சங், எல்ஜியும் கைவிட்டன. ஓடுகிற வரை ஓடட்டும். நின்றுபோனால் உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம். அப்போது ஓஎல்இடி வாங்குங்கள், உங்கள் கண் எதிர்பார்ப்பதை அதுதான் கொடுக்கும்.

கேள்வி: மைக்ரோ எல்இடி, ஆர்ஜிபி மினி எல்இடி எல்லாம் வருகிறதாமே, காத்திருக்கலாமா?

பதில்: மைக்ரோ எல்இடி ஓஎல்இடி மாதிரியே தானே ஒளிரும், கரிமப் பொருள் இல்லாததால் பதியும் கவலையும் குறைவு. ஆனால் சாதாரண வீட்டுக்கு எட்டும் விலைக்கு அது இன்னும் இறங்கவில்லை. பின்விளக்கையே சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரிக்கும் ஆர்ஜிபி வகை 2025இல் நூறு அங்குலத்துக்கும் பெரிய டிவிகளில் வந்தது. நிறம் பிரமாதம், பகுதி பகுதியாக மங்கும் பழைய எல்லை மட்டும் அப்படியே. இப்போது டிவி தேவை என்றால் இப்போதே வாங்குங்கள்.

கேள்வி: கடையில் எல்லா டிவியும் அழகாகத்தான் தெரிகிறது. எதை வைத்துத் தீர்மானிப்பது?

பதில்: அங்கே ஓடும் படம் அப்படி. கறுப்புப் பின்னணியில் மினுங்கும் பூக்கள், கண்ணாடி, வண்ணப்பொடி. அதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. கடை வெளிச்சமும் உங்கள் வீட்டு வெளிச்சத்தைப் போல இருக்காது. நீங்களே பென் டிரைவில் ஒரு படம் கொண்டு போங்கள். முதலில் படம் "விவிட்" அமைப்பில் இருக்கும், அதை "சினிமா" அல்லது "ஃபிலிம்மேக்கர்" அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடும் இடத்துக்குப் போங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து மேலே ஏறும்போது, எழுத்தோடு சேர்ந்து ஒரு சாம்பல் மேகமும் ஏறினால் அந்த டிவியின் லோக்கல் டிம்மிங் சுமார்தான். அடுத்து ஒரு கால்பந்துக் காட்சி. கேமரா பந்தோடு நகரும்போது பச்சைப் புல்வெளியில் செங்குத்தான பட்டைகளோ அழுக்குத் திட்டுகளோ அசையாமல் நின்றால், பேனல் சீராக இல்லை. ஒரே மாடலில்கூட ஒன்று நன்றாக இருக்கும், ஒன்று மோசமாக இருக்கும். அதனால் வீட்டுக்கு வந்த பெட்டியிலும், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள், முழுத் திரைச் சாம்பல் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டிவி வந்தாயிற்று. முதலில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: ஃபிலிம்மேக்கர் அல்லது சினிமா அமைப்பு. முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், பொறுங்கள். விவிட் அமைப்பின் நீலத்துக்குப் பழகிய கண் அது. ஷார்ப்னஸை அடியோடு குறையுங்கள், எழுத்தின் ஓரத்தில் வரும் வெள்ளைக் கோடு போய்விடும். மின்சேமிப்பு அமைப்பு படத்தை மங்கலாக்கும், அதை அணைத்துவிட்டு வெளிச்சத்தை நீங்களே உங்கள் அறைக்கு ஏற்ப வையுங்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று.

கேள்வி: திரையைத் துடைக்கக் கண்ணாடி துடைக்கும் திரவம் போடலாமா?

பதில்: கூடாது. பூச்சு போய்விடும். டிவியை அணைத்து, ஆறவிட்டு, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். விரல் ரேகை போகவில்லை என்றால் துணியின் ஒரு மூலையை மட்டும் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். திரையில் நேராகத் தெளிக்காதீர்கள். வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கினால் அங்கேதான் பேனலின் மெல்லிய இணைப்புகள் இருக்கும்.